சைலன்சர் செய்த பெட்டி

கடையில் அவளுக்கு வைத்த பெயர் சைலன்சர். வைத்தவர் ஒயரிங் வேலை பார்ப்பவர்.

"காலையில வந்தா மேல ஏறுது, சாயங்காலம் கீழ இறங்குது. நடுவுல ஒரு சத்தம் கிடையாது. காருக்கு அடியில இருக்கிற சைலன்சர்கூட இவ்வளவு சத்தத்த முழுங்காதுப்பா" என்று ஒருநாள் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள். அதோடு பெயர் ஒட்டிக்கொண்டது.

கார்களுக்குப் பாட்டுப் பெட்டியும் ஹாரனும் சீட் உறையும் போட்டுத் தரும் கடை அது. முன்பக்கம் கண்ணாடி அலமாரிகள். பின்பக்கம் இரண்டு கார் நிற்கிற அளவுக்குப் பட்டறை. பட்டறையின் ஓரத்தில் இரும்பு ஏணி ஒன்று அரைமாடிக்குப் போகும். அங்கேதான் அவளுடைய தையல் மெஷினும் ரெக்சின் சுருள்களும் இருந்தன. அரைமாடிக்குச் சுவர் கிடையாது, இடுப்பளவு கம்பிதான். பதினோரு வருஷமாக அந்தக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து கார் சீட்டுகளுக்கு உறை தைத்தாள். நிமிர்ந்தால் மின்விசிறி, குனிந்தால் பட்டறை. ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவரின் உச்சந்தலையில் வழுக்கை விழ ஆரம்பித்த இடம்கூட அவளுக்குத் தெரியும். அவர் பலகை அறுப்பதும், தப்பாக அறுத்துவிட்டு யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்ப்பதும் தெரியும். மேலே மட்டும் அவர் பார்த்ததில்லை.

எட்டாம் வகுப்போடு அவளுடைய படிப்பு நின்றது. அம்மாவுக்கு முதுகெலும்பு தேய்ந்து படுக்கையில் விழுந்த வருஷம் அது. பள்ளியில் கூட்டு வட்டிக் கணக்கு ஆரம்பித்த வருஷமும் அதுதான். பள்ளியை விட்டதில் அவளுக்கு வருத்தம் உண்டு. கூட்டு வட்டியை விட்டதில் இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் பித்தான் கட்டப் போனவள் இரண்டே மாதத்தில் சட்டை வெட்டினாள். ஆளைப் பார்த்தாலே தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று கண் சொல்லிவிடும். காரும் அப்படித்தான் என்றாள், கடைக்கு வந்த புதிதில். "அதுக்கும் தோளும் இடுப்பும் இருக்கு." அந்த வருஷம் அவள் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது கார் மாதிரிக்கு ஏற்ப ரெடிமேட் உறைகள் வந்துவிட்டன. உறையைப் பிரித்து மாட்டினால் வேலை முடிந்தது. போன வாரம் முதலாளி ஏணிக்குக் கீழே நின்று, மேலே பார்க்காமலே சொன்னார்.

"ஏம்மா, அடுத்த மாசத்துல இருந்து வாரத்துல மூணு நாள் வந்தாப் போதும்."

"சரிங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணவர் ஒரு மருத்துவமனையில் லிப்ட் இயக்குபவர். இரண்டு பேரும் முழுசாக உழைத்தால்தான் வீடு ஓடும். அதைவிட, மிச்சம் நாலு நாள் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் கணவரின் அக்கா இருக்கிறார். அவருக்கு வாய் ஓய்ந்தால் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

அதே வாரம் பெட்டி செய்கிறவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. "அதுவரைக்கும் ரெடிமேட் பொட்டிய வாங்கி வைப்போம்" என்றார் முதலாளி. உறைக்கு வந்தது பெட்டிக்கும் வந்துவிட்டது என்று அவள் மேலே இருந்து நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒரு டாக்சிக்காரர் வந்தார். கார் டிக்கியைத் திறந்து காட்டினார். உள்ளே மடக்கிய சக்கர நாற்காலி ஒன்று படுத்திருந்தது.

"அம்மாவோடது. வாரம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நாற்காலியும் இருக்கணும், எனக்கு அடிச்சத்தம் கொடுக்கிற சப்வூஃபரும் வேணும். இதுவரைக்கும் மூணு கடை ஏறி இறங்கிட்டேன்."

முதலாளி ரெடிமேட் பெட்டியைத் தூக்கி வைத்துப் பார்த்தார். பெட்டி வைத்தால் நாற்காலி இல்லை, நாற்காலி வைத்தால் பெட்டி இல்லை.

"பொட்டி இல்லாம ஸ்பீக்கர மட்டும் மாட்டிக்க முடியாதா?" என்று டாக்சிக்காரர் கேட்டார்.

"அதுக்கு மாட்டாமலே இருக்கலாம்" என்றார் ஒயரிங்காரர். "முன்னால தள்ளுற காத்தும் பின்னால தள்ளுற காத்தும் ஒண்ண ஒண்ணு தின்னுடும். பின்னால வர்ற காத்தப் பிடிச்சு அடைச்சு வைக்கத்தான் பொட்டி."

"அப்ப முடியாதா?"

"இடது சக்கரத்துக்குப் பின்னால ஒரு பள்ளம் இருக்கு" என்றது ஒரு குரல். "அங்க அச்சு எடுத்துச் செய்யலாம். ஃபைபர்ல."

மூன்று பேரும் மூன்று பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். குரல் மேலிருந்து வந்தது என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"யாரும்மா செய்யறது?" என்றார் முதலாளி.

"நான்தான்."

ஒயரிங்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, சைலன்சர் ஓட்டையாயிடுச்சு!"

முதலாளி ஏணிக்கு அருகே வந்தார். இந்த முறை மேலே பார்த்துப் பேசினார். "சரியா வந்தா, பொட்டி செய்யற வேலை உனக்கும்தான். சொதப்பினா ரெடிமேட் பொட்டிதான் வரும், மூணு நாள் பேச்சும் அப்படியே நிக்கும். சம்மதமா?"

"சரிங்க" என்றாள்.

முதல் வேலையாக அவள் டிக்கிக்குள் ஏறினாள். டிக்கி மூடியின் இரண்டு பக்கமும் கொக்குக் கழுத்து மாதிரி வளைந்த இரும்புக் கைகள் உண்டு. மூடியைத் திறந்தால் அவை மேலே போய்விடும், மூடினால் உள்ளே இறங்கும். எதுவரை இறங்குகிறது என்று வெளியே நின்று பார்க்க முடியாது. பெட்டிக்காரர் இரண்டு தடவை அதில் ஏமாந்ததை அவள் மேலிருந்து பார்த்திருக்கிறாள். அழகாகப் பெட்டி செய்து வைப்பார், மூடும்போது டங்கென்று இடிக்கும். அதனால் டார்ச் லைட்டையும் சாக்கட்டியையும் எடுத்துக்கொண்டு உள்ளே சுருண்டு படுத்தாள்.

"மூடுங்க" என்றாள்.

"அக்கா, நிஜமாவா?" என்றார் ஒயரிங்காரர்.

"மூடுங்க தம்பி."

மூடினார். அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். "எங்க அந்தம்மா? அதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுச்சா?"

"இல்லீங்க" என்றது டிக்கி.

முதலாளி இரண்டடி பின்னால் போனார்.

இரும்புக் கை இறங்குகிற இடத்தில் எல்லாம் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். முந்தானையெல்லாம் தூசி. நாற்காலியை உள்ளே படுக்க வைத்து அதைச் சுற்றியும் ஒரு கோடு போட்டாள். அதன் உயரத்தை ஒரு குச்சியில் வெட்டி வைத்துக்கொண்டாள். எண்ணாக எழுதினால் மறந்து போகும், குச்சி மறக்காது.

டாக்சிக்காரர் காரை ஒரே ஒரு நாள்தான் விட முடியும் என்றார். மறுநாள் பதினொரு மணிக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பிற்பகல் முழுக்க அவள் அந்தப் பள்ளத்துக்குள் கையை விட்டபடி இருந்தாள். காரின் தகரத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முதலில் காகித டேப், அதன் மேல் அலுமினியத் தாள், அதன் மேல் மெழுகு. பிறகு ஃபைபர் துணியைத் துண்டு துண்டாக வைத்து, ரெசின் பசையை பிரஷ்ஷால் தட்டித் தட்டி ஊற வைத்தாள். ரெசின் நாற்றம் மூக்கில் கட்டிய துணியையும் தாண்டி வந்தது. சீட் உறை தைக்கிறபோது மூலையில் ஒரு சுருக்கம் நின்றால் அவளுக்கு அன்று தூக்கம் வராது. அதே பழக்கத்தில் பள்ளத்தின் ஒவ்வொரு வளைவுக்கும் துணியை ஒட்டி ஒட்டி விட்டாள். விளிம்புக்குப் பின்னால் உள்ளடங்கிய இடத்தையும் விடவில்லை, விரலை மடக்கி உள்ளே தடவினாள். நாலு மணிக்கு இரண்டு அடுக்கு முடிந்தது. தோல் மாதிரி ஒட்டியிருந்தது.

காலையில் வந்து அச்சைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தாள். ஒயரிங்காரரும் சேர்ந்து இழுத்தார். கார்தான் அசைந்தது. அச்சு அசையவில்லை. உடும்புப் பிடி.

அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்தது. அந்தப் பள்ளம் குடம் மாதிரி. வாய் சின்னது, வயிறு பெரியது. உறையாக இருந்தால் துணி வளைந்து கொடுக்கும், உருவி எடுத்துவிடலாம். பதினோரு வருஷம் துணியோடு இருந்த கை, இதுவும் வளைந்து கொடுக்கும் என்று நினைத்துவிட்டது. ரெசின் இறுகினால் கல். பெட்டிக்காரராக இருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார், அவருக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஊரான் காருக்குள்ள பாறாங்கல்ல ஒட்டி வச்சிட்டியா?"

ஒன்பதரைக்கு டாக்சிக்காரரும் வந்துவிட்டார். பின்னாலேயே ஓர் ஆட்டோவில் அவருடைய அம்மா. கடை நாற்காலி ஒன்றில் உட்கார வைத்தார்கள்.

"என்னடா, வண்டி ரெடியா?"

"இதோம்மா."

"இதோன்னு சொல்ற மூஞ்சியப் பாரு" என்றார் அம்மா.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்கு ஏணியில் ஏறி மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஏறினாள். ஆனால் உட்காரவில்லை. சாமான் பெட்டியைக் குடைந்து ஓர் உடைந்த ரம்பத் தகட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இறுக்கமான சட்டை தலையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வோம்? தையலைப் பிரிப்போம். இதில் தையல் இல்லை, நாமே ஒன்று போட வேண்டியதுதான்.

அச்சின் நடுவில் மேலிருந்து கீழாகப் பென்சில் கோடு போட்டாள். தகட்டின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டில் அறுக்க ஆரம்பித்தாள். ஆழமாகப் போனால் காரின் தகரத்தில் கீறல் விழும். கொஞ்சம் அறுப்பாள், பொடியை ஊதுவாள், உற்றுப் பார்ப்பாள். அடியில் அலுமினியத் தாள் மினுங்கினால் அந்த இடத்தை விட்டு அடுத்த இடத்துக்குப் போவாள். ஒயரிங்காரர் டார்ச் பிடித்தார். ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

"மணி பத்து" என்றார் முதலாளி.

கொஞ்ச நேரம் கழித்து, "பத்தரை" என்றார்.

"நீங்க சொல்லாட்டியும் அது பத்தரைதான்" என்றார் டாக்சிக்காரரின் அம்மா. "அந்தப் பொண்ண வேலை செய்ய விடுங்க."

பத்தே முக்காலுக்கு அச்சு நடுவில் விண்டது. முதல் பாதியை உள்பக்கமாகச் சாய்த்து உருவினாள். இரண்டாவது பாதி தானாகவே கையில் வந்தது. தாளையும் டேப்பையும் உரித்துத் துடைத்தபோது தகரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நாற்காலியை ஏற்றிக்கொண்டு கார் கிளம்பியது.

முதலாளி முன்பக்கம் போய்விட்டார். திட்டாததே பெரிய விஷயம்.

அன்று மாலை வீட்டில் பால் அளக்கிற ஒரு லிட்டர் மக்கை எடுத்துப் பைக்குள் வைத்தாள். நாத்தனாருக்கு முதுகிலும் கண்.

"இவளே, அது எதுக்கு?"

"கடைக்கு, அண்ணி."

"கடையில மாடு கட்டியிருக்காங்களா?"

"காத்து அளக்கணும்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். "கேட்டியாடா? உன் பொண்டாட்டி காத்து அளக்கப் போறாளாம்." கணவர் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் கற்றுக்கொண்ட வித்தை அது.

இரண்டு பாதிகளையும் சேர்த்து, மேலே ஃபைபர் பட்டை வைத்து ஒட்டினாள். அப்படியே விட்டால் பள்ளத்துக்குள் திரும்பப் போகாது. அதனால் விளிம்புக்குப் பின்னால் புடைத்திருந்த வயிற்றை வெட்டி எறிந்து, சட்டையில் இடுப்பைப் பிடித்துத் தைப்பது போல அந்த இடத்தை நேராக மூடினாள். வெளிப்பக்கம் நாலு அடுக்கு ஏற்றினாள். இறுகியதும் ஸ்பீக்கர் உட்காரும் வட்டம் வெட்டிய பலகையை முன்னால் குச்சிகளில் நிறுத்தி, சுற்றிலும் துணியை இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்தாள்.

ஸ்பீக்கரோடு வந்த தாளில் பெட்டிக்குள் இருபது லிட்டர் காற்று என்று போட்டிருந்தது. ஸ்பீக்கரின் பின்பக்கக் காந்தம் உள்ளே போய் இடத்தைப் பிடிக்கும், அதற்கு இரண்டு லிட்டர். ஆக இருபத்திரண்டு வேண்டும். பலகைப் பெட்டி என்றால் நீளம் அகலம் உயரம் பெருக்கிவிடலாம். இந்தக் கோணல்மாணலுக்கு என்ன கணக்கு? பெட்டிக்காரர் ஃபைபர் வேலை என்றாலே ஏதோ ஒரு எண்ணைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார். அவள் சாய்வு மெத்தைக்குள் அடைக்கிற தெர்மாகோல் மணிகளை மூட்டையோடு இறக்கினாள். மணல் கனம், துணி பிதுங்கிவிடும். மணிக்குக் கனமே இல்லை. மக்கால் மொண்டு மொண்டு வட்டத்துக்குள் கொட்டினாள்.

"பன்னெண்டு... பதிமூணு... பதினாலு..."

"என்னக்கா, இப்படி வேர்க்குது உங்களுக்கு" என்று ஒயரிங்காரர் அன்பாக வந்து மின்விசிறியைப் போட்டார்.

பட்டறை முழுக்கப் பனி பெய்தது. மூட்டையிலிருந்து கிளம்பிய மணிகள் சுவரில் ஒட்டின, கார் கண்ணாடியில் ஒட்டின. முன்பக்கம் ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்த முதலாளியின் தலையில் ஒட்டின. தட்டத் தட்டக் கைக்கு வந்தன, கையை உதற உதறச் சட்டைக்குப் போயின.

"யார்ரா அது!"

"சைலன்சர்தாண்ணே!" என்று சொல்லிவிட்டு ஒயரிங்காரர் காருக்கு அடியில் புகுந்துகொண்டார்.

"அவர்தாங்க" என்றாள் அவள். இதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

முதலிலிருந்து அளந்தாள். பத்தொன்பதரை. இரண்டரை லிட்டர் குறைகிறது. வெட்டி எறிந்த வயிற்றோடு போனது அதுதான். காற்று போதாவிட்டால் சத்தம் பெட்டிக்குள் மூச்சு முட்டும். இடம் வேண்டுமென்றால் பெட்டியின் முகம் முன்னால் வர வேண்டும். முன்னால் வந்தால் நாற்காலி இடிக்கும். மணிகளைத் திரும்ப மூட்டையில் அள்ளிவிட்டு, காலியான பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே, நாற்காலியின் உயரத்துக்கு வெட்டிய குச்சி சுவரில் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்தாள். படுத்த நாற்காலியின் உயரம் இரண்டு சாணுக்கும் குறைவு. அதற்கு மேலே வெறும் காற்றுதானே இருக்கிறது? இரும்புக் கை இறங்குகிற இடம் இன்னும் தள்ளி. உள்ளே படுத்துப் பார்த்தவளுக்கு அது கண்ணை மூடினாலும் தெரியும்.

பின்களைக் கழற்றினாள். பலகையின் கீழ்ப்பக்கத்தை அப்படியே வைத்து, மேல்பக்கத்தை மட்டும் இரண்டு விரல் முன்னால் சாய்த்தாள். துணியை மறுபடி இழுத்தாள். அளந்தாள். இருபத்திரண்டாவது மக் கொட்டியபோது மணி வட்டத்தின் விளிம்பைத் தொட்டு நின்றது.

அதற்குப் பிறகு எல்லாம் கைக்குத் தெரிந்த வேலை. துணியில் ரெசின் ஊறியது, இறுகியது. உள்ளே ஒரு விளக்கை எரியவிட்டு, வெளிச்சம் கசிகிற ஊசி ஓட்டைகளைத் தேடித் தேடி அடைத்தாள். மேலே கறுப்புக் கார்ப்பெட் சுற்றினாள். சுருக்கம் இல்லை. அன்று நன்றாகத் தூங்கினாள்.

மாட்டுகிற நாளன்று மாவுக்கட்டோடு பெட்டிக்காரரும் வந்திருந்தார். யார் சொன்னார்களோ. பெட்டி பள்ளத்துக்குள் ஒரு தடவை திரும்பி, நழுவி உட்கார்ந்தது. நாற்காலியைப் படுக்க வைத்தார்கள். டிக்கியை மூடினார்கள். இடிக்கவில்லை. மறுபடி திறந்தார்கள். பெட்டிக்காரர் இடது கையால் ஸ்பீக்கரின் நடுவை மெல்ல அழுத்தி விட்டார். அது உடனே துள்ளி எழாமல் நிதானமாக மேலே வந்தது.

"காத்து பிடிச்சு நிக்குது" என்றார். பிறகு கார்ப்பெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒருநாளும் சுருங்காம வந்ததில்ல" என்றார்.

"தெரியும்" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து அரைமாடியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். காது சிவந்தது.

டாக்சிக்காரர் பாட்டுப் போட்டார். முதலில் ஒரு கடகட சத்தம். எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை. அவள் பின்னால் போய் நம்பர் பிளேட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கடகடப்பு நின்றது. ஒரு துண்டு கம்பளித் துணியை அதன் பின்னால் ஒட்டினாள். இப்போது அடிச்சத்தம் மட்டும் வந்தது. உருண்டையாக, கனமாக, தரை வழியாகக் காலுக்குள் ஏறியது.

முன் சீட்டில் இருந்த அம்மா மார்பில் கை வைத்துக்கொண்டார். "டேய், வயித்துக்குள்ள யாரோ கதவத் தட்டுறாங்கடா. குறைடா."

குறைத்தார்.

"அவ்வளவு குறைக்காத. யாருன்னு பார்ப்போம்."

கார் போன பிறகும் முதலாளி பட்டறையிலேயே நின்றார். அவர் காதோரத்தில் இன்னும் ஒரு தெர்மாகோல் மணி ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள்தான் கேட்டாள். "அடுத்த மாசம் எந்த மூணு நாள் வரணும்?"

"எந்த மூணு நாளு?" என்றார் முதலாளி. "பலகைப் பொட்டி அவர் பார்க்கட்டும், கோணல் பொட்டி நீ பாரு. ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு. மெஷினக் கீழ இறக்க எத்தன ஆள் வேணும்?"

"மெஷின் மேலயே இருக்கட்டுங்க" என்றாள். "அங்க இருந்தாத்தான் எல்லாம் தெரியுது."

வீட்டுக்குப் போனபோது நாத்தனார் அடுப்படி வாசலிலேயே நின்றிருந்தார். "மக் எங்க? நாலு நாளா பால அளக்காம குத்துமதிப்பா ஊத்திக்கிட்டிருக்கேன்."

"அது கடையில இருக்கட்டும் அண்ணி. தினமும் வேணும்."

"தினமுமா? அப்ப நான் பால எதுல அளக்கிறது?"

"கண்ணால அளங்க" என்று சொல்லிவிட்டு அவள் கைகால் கழுவப் போனாள்.

நாத்தனார் தம்பியின் பக்கம் திரும்பினார். "டேய், இவ பேசுறாடா" என்றார்.